தேய்மானத்துக்கென்று தைத்த உடை

நிலவுக்குப் புறப்பட்ட அப்போலோ வீரர் ஒவ்வொருவருக்கும் மூன்று விண்வெளி உடைகள் தைத்தார்கள். பயணத்துக்கு ஒன்று, மாற்றுக்கு ஒன்று, பயிற்சிக்கு ஒன்று. முதல் இரண்டையும் கண்ணுக்குள் வைத்துக் காத்தார்கள். விழுந்து எழுந்து பாடுபட்டதெல்லாம் மூன்றாவதுதான். எனக்கு அதன் மேல்தான் பிரியம் அதிகம்.

தைத்தவர்கள் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்துப் பெண்கள். பிளேடெக்ஸ் என்ற பெயரில் உள்ளாடை விற்றுவந்த கம்பெனியிலிருந்து கிளைத்த நிறுவனத்தில் அவர்கள் வேலை பார்த்தார்கள். அடுக்கடுக்காக இருபதுக்கும் மேற்பட்ட துணிகளையும் படலங்களையும் சிங்கர் மெஷினில் ஓட்டினார்கள். தையல் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஏற்கமாட்டார்கள். உள்ளே குண்டூசி எதுவும் தங்கிவிட்டதா என்று உடையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்பதை 1966 டிசம்பரில் ஹூஸ்டனில் நடந்தது சொல்லும். காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் நிலவு உடையை அணிந்து சோதித்துக்கொண்டிருந்தார் ஜிம் லெப்ளாங்க் என்பவர். உடைக்குக் காற்று தரும் குழாய் கழன்றுகொண்டது. பதினான்கு விநாடிகளில் மயங்கிச் சரிந்தார். நாக்கில் எச்சில் கொதித்துப் பொங்கியதுதான் அவர் நினைவில் கடைசியாக நின்றது. உடனே அறைக்குள் காற்றை நிரப்பினார்கள்; காதுவலியோடு பிழைத்தார்.

காற்று இருந்தாலும் பாடுதான். உடைக்குள் இருக்கும் அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தில் கால் பங்குதான். அதற்கே கையுறை காற்றடைத்த சைக்கிள் ட்யூப் மாதிரி விறைத்துக்கொள்ளும். விரலை மடக்குவதே வேலை. சுத்தியலைச் சற்று நேரம் பிடித்தால் முன்னங்கை கடுத்துப்போகும். பயிற்சி உடைக்குள் மணிக்கணக்கில் கிடந்துதான் அந்தக் கைகள் பழகின.

இன்றும் அப்படியே. வீரர்களின் பயிற்சிக்கென்று ஹூஸ்டனில் 12 மீட்டர் ஆழமுள்ள நீச்சல்குளம் இருக்கிறது. அதன் அடியில் மணல் பரப்பி, மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஒரு பெரிய விளக்கை ஏற்றுகிறார்கள். நிலவின் தென்துருவத்தில் சூரியன் அடிவானத்தை ஒட்டியே நிற்குமல்லவா, அதற்கான ஒத்திகை. நிலவில் போலவே ஆறில் ஒரு பங்கு எடைக்கு உடையைச் சரிக்கட்டி நடக்கவிடுகிறார்கள். இந்தக் குளத்துப் பயிற்சிகளில் கையுறைக்குள் விரல் நுனி அழுந்தி நகம் கழன்றுபோனவர்கள் உண்டு. அதற்குப் பயந்து முன்கூட்டியே நகத்தை எடுத்துக்கொண்டவர்களும் உண்டு!

ஆக்ஸியம் என்ற விண்வெளி நிறுவனம், ஃபேஷன் நிறுவனமான பிராடாவோடு சேர்ந்து உருவாக்கிய புதிய நிலவு உடை 2024இல் வெளியே வந்தது. ஆண், பெண், நெட்டை, குட்டை என்று ஏறக்குறைய எல்லா உடம்புக்கும் அதைப் பொருத்திக்கொள்ளலாம். கையுறையை மட்டும் அவரவர் கைக்குத் தனியாகவே செய்கிறார்கள்.