வெயிலில் வெளுக்கும் கடல்

மழைக்காலத்தில் ஆறு கொண்டுவந்து கொட்டும் கரைசலைச் சூரியன் என்ன செய்கிறது? விடை பருவநிலைக் கணக்குக்கும் வேண்டும், மீனவருக்கும் வேண்டும்.

ஜூனில் பருவமழை பிடித்துக்கொண்டதும் கோவாவின் மாண்டவி ஆறு சிவக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை, அதில் பெரும்பகுதி நான்கே மாதங்களில். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் வெள்ளம் பனாஜியைத் தாண்டி அரபிக் கடலில் விழுகிறது. அந்த நீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்தால் செம்மண் அடியில் தங்கிவிடும். ஆனால் மேலே நிற்கும் நீரில் லேசான டீத்தண்ணீர் போல ஒரு மஞ்சள் மிச்சமிருக்கும்.

அந்த மஞ்சள்தான் விஷயம். காட்டில் மக்கிய இலை, அலையாத்தி மரங்களின் சருகு, ஊர்க் கழிவு ஆகியவற்றிலிருந்து ஊறி வந்த கரிமப் பொருள் அது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறிய துளைகள் கொண்ட வடிகட்டியிலும் நழுவிவிடும். அற்பமென்று தள்ள முடியாது. உலகக் கடல்களில் இப்படிக் கரைந்து கிடக்கும் கார்பன் சுமார் 66,000 கோடி டன். காற்றுமண்டலத்தில் கரியமில வாயுவாக இருக்கும் கார்பனோடு ஒப்பிடக்கூடிய அளவு.

மழை மாதங்களில் மேகமும் கலங்கலும் வெயிலை உள்ளே விடுவதில்லை. மழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் சூரியன் வேலையைத் தொடங்குகிறது. கொடியில் காயும் சாயத்துணி போல நீரின் மஞ்சள் வெளுக்கிறது. புற ஊதாக் கதிர்கள் பெரிய மூலக்கூறுகளை உடைக்கின்றன. ஒரு பகுதி நேரடியாகக் கரியமில வாயுவாகவும் கார்பன் மோனாக்ஸைடாகவும் மாறுகிறது. மீதித் துண்டுகள் பாக்டீரியாக்களுக்கு விருந்து. அவை சுவாசித்து வெளிவிடுவதும் கரியமில வாயுதான். ஆனால் பாசிகள் புதிதாகச் சுரந்த பொருள் வெயில் பட்டதும் பாக்டீரியாக்களுக்குச் செரிக்காததாகிவிடுவதும் உண்டு.

இதை அளப்பது எப்படி? வடிகட்டிய நீரை இரண்டு குவார்ட்ஸ் குழாய்களில் ஊற்றுகிறார்கள். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதியைத் தடுத்துவிடும். ஒரு குழாய் வெயிலில். மற்றது அலுமினியத் தாளுக்குள் இருட்டில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சூரியனின் கைவரிசை.

கழிமுகத்தில் கணக்கு இன்னும் சிக்கல். கோடையில் ஆற்றில் நீர்வரத்து ஏறக்குறைய நின்றுபோகும். கடல்நீர் வெகுதூரம் உள்ளே ஏறும். அந்தக் கலப்பினாலும் நிறம் குறையும். எனவே உப்பின் அளவைத் துணைக்கு அழைக்கிறார்கள். வெறும் கலப்பென்றால், உப்பு கூடக்கூட நிறம் நேர்க்கோட்டில் இறங்க வேண்டும். கோட்டுக்குக் கீழே விழுந்தால், வழியில் எதுவோ தின்றிருக்கிறது: வெயில் அல்லது பாக்டீரியா.

மீனவருக்கு இதில் என்ன? ஹைதராபாதிலுள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள்கள் காட்டும் கடல் வெப்பநிலையையும் பாசிப் பச்சையத்தையும் வைத்து மீன்வளப் பகுதிகளை அறிவிக்கிறது. மஞ்சள் பொருளும் பச்சையம் போலவே நீல ஒளியை விழுங்கும். கரையோரத்தில் இரண்டையும் பிரிக்காவிட்டால் இல்லாத பாசி இருப்பதாகத் தெரியும். படகின் டீசல் வீணாகும்.

மஞ்சளால் நன்மையும் உண்டு. மேல்மட்டத்தில் மிதக்கும் மீன் முட்டைகளுக்கும் குஞ்சுகளுக்கும் புற ஊதாக் கதிர் தாக்காத குடை அது. வெயில் அந்தக் குடையைக் கிழிக்கிறது. அடுத்த ஜூனில் ஆறு புதியதைக் கொண்டுவருகிறது. காடும் அலையாத்தியும் அழிந்து கழிவு மட்டும் பெருகினால் ஆறு எதைக் கொண்டுவரும் என்பதுதான் கவலை.