வரவில் வராத தேய்மானம்

அமெரிக்காவின் மேற்கு டெக்சாஸில், வறண்ட மேய்ச்சல் நிலத்தை ஏக்கரால் மட்டுமே மதிப்பிடுவது பிழை என்பேன். அங்குள்ள சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளில் மண்ணின் ஆழம் பெரும்பாலும் 50 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதிலும் பெரும்பங்கு சரளைக்கல். ஆகவே மண் தேக்கிவைக்கும் நீர் சொற்பம். மிகுந்த சுண்ணாம்பு, பாஸ்பரஸையும் இரும்பையும் செடிகளுக்கு எளிதில் கிட்டாதவாறு பிணைத்துவிடுகிறது. சரளையை மட்டும் நான் பழிக்க மாட்டேன். மழைத்துளியின் அடியைத் தாங்குவதும், ஈரம் ஆவியாவதைக் குறைப்பதும் அதுவே.

1880-களில் ரயில் பாதை வந்தபின் கால்நடைகள் பெருகின. புல் அளவுமீறி மேயப்பட்ட சரிவுகளில் மண் அரிக்கப்பட்டது. கால்நடைகள் பெரும்பாலும் தீண்டாத கிரியோசோட் புதர் பல இடங்களில் பரவியது. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், மந்தை விற்ற பணம் முழுவதையும் வருமானம் என்று என்னால் எழுத இயலாது. அதில் ஒரு பங்கு, கரைந்துபோன முதல். பாறை சிதைந்து அந்த மண் மீள நூற்றாண்டுகள் பல வேண்டும். பண்ணைக் கணக்கோ ஆண்டுக்கு ஒருமுறை முடிக்கப்படுகிறது.