கூட்டம் எங்கே நடக்கிறது?

(குடியிலிருந்து மீள்தல் – பகுதி 7)

மலேசியாவின் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளில் தோட்டத்து வாழ்க்கை இன்னும் பேச்சில் இருக்கிறது. நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயா எழுவதற்காக பிராங் புசார், செட்ஜ்லி, மெடிங்லி, காலவே ஆகிய நான்கு தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 400 குடும்பங்கள் 1990களின் இறுதியில் இங்கே குடியேற்றப்பட்டன. தரைவீடு கேட்டு அவர்கள் நடத்திய நீண்ட போராட்டத்தைத் தனியாக எழுத வேண்டும். இந்த வாரக் கேள்வி வேறு. இந்த மாடிகளில் ஒருவர், குடியை இனித் தொடுவதில்லை என்று இன்று காலை முடிவெடுத்தால் எங்கே போவார்?

கள்ளுக்கடைக்கு அவருடைய தாத்தா யாரிடமும் வழி கேட்டதில்லை. ஆங்கிலேயர் காலத் தோட்டங்களில் உரிமம் பெற்ற கடை, தொழிலாளர் குடியிருப்பான லயத்தை ஒட்டியே இருந்தது. வாங்கிய கூலியில் ஒரு பங்கு அங்கேயே கரைந்தது. தொழிலாளர்களே இதைக் கண்டு கொதித்தார்கள். ஆர்.எச். நாதன் முன்னின்ற 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூடவும் கோரினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கெடாவில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியலில் இறங்கி, போலீஸ் அடக்குமுறையைச் சந்தித்தது.

அந்தப் போராட்டங்களுக்குத் தமிழர்கள் கடன்பட்டிருக்கிறார்கள். ஆனாலும் கடையை மூடுவது ஒரு வேலை, குடிநோயில் விழுந்தவரைக் கைதூக்கி விடுவது இன்னொரு வேலை. இரண்டாவதற்கு ஆளில்லாமல் போயிற்று. கள் போன இடத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது. 2018 செப்டம்பரில், மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து கிள்ளான் பள்ளத்தாக்கில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள்.

குடியை விட நினைப்பவர் துணை தேடிப் போகும் கதை அமெரிக்காவில் ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. 1935 மே மாதம். ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் வியாபாரம் கைகூடாமல் தனியே நின்றார் பில் வில்சன். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. தங்கியிருந்த ஹோட்டலின் மதுக்கூடத்திலிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்டன. கால் அந்தப் பக்கம் இழுத்தது. அவர் உள்ளே போகாமல், ஒரு பாதிரியாரைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் கேட்டது அறிவுரை இல்லை. தன்னைப் போலவே குடியோடு போராடும் ஒருவரிடம் பேச வேண்டும் என்றார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். சில நிமிடம் என்று ஒப்புக்கொண்ட பேச்சு மணிக்கணக்கில் நீண்டது. ஸ்மித் கடைசியாகக் குடித்த ஜூன் 10 தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., பிறந்த நாளாகக் கொள்ளப்படுகிறது.

அந்தப் பேச்சின் வடிவம்தான் இன்றும் ஏ.ஏ. கூட்டம். வட்டமாக நாற்காலிகள். முதல் பெயர் போதும். ஊர், வேலை, சாதி எதுவும் வேண்டாம். கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. ஒருவர் தன் கதையைச் சொல்வார், மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். பேச மனமில்லாதவர் சும்மா உட்கார்ந்திருக்கலாம். இதனால் பலன் உண்டா? 2020-ல் வெளியான காக்ரேன் அமைப்பின் ஆய்வு 27 ஆய்வுகளை, 10,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து அலசியது. ஏ.ஏ.வும், குடியிலிருந்து மீள அது வகுத்த பன்னிரண்டு படிகளை ஒட்டிய சிகிச்சையும், தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் மற்றச் சிகிச்சைகளைவிடச் சிறப்பாக இருந்தன என்றது.

நம்மவர்களைத் தயங்க வைப்பது பெரும்பாலும் இடம். பல ஊர்களில் இக்கூட்டங்கள் தேவாலய அறைகளில் நடப்பதால், மதம் மாற்றிவிடுவார்களோ என்று குடும்பம் பயப்படுகிறது. இடம் வாடகைக்கோ உதவியாகவோ கிடைத்ததுதான். எந்த மதத்தோடும் ஏ.ஏ. சேர்ந்ததில்லை. அதன் படிகளில் வரும் கடவுளை அவரவர் அறிந்தபடி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது தூரம். கூட்டம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என்றால், டெங்கிலிலிருந்து முதலில் புத்ராஜெயா சென்ட்ரல் சேர வேண்டும். அங்கிருந்து, பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கே.எல். சென்ட்ரலுக்கு ரயில் உண்டு. கூட்டம் முடிந்து இரவில் வீடு திரும்புவதுதான் பாடு. கிள்ளான் என்றால் சொந்த வண்டி இல்லாமல் இன்னும் சிரமம். கூட்டம் எந்த மொழியில் நடக்கும், புதியவர்கள் வரலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. அவமானத்தோடு வந்தவருக்குத் தன் மொழியில் சொல்லி அழ முடிகிறதா என்பது சின்ன விஷயம் இல்லை.

எச்சரிக்கை ஒன்று. தினமும் அதிகமாகக் குடிப்பவர் தானாகத் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை வரலாம், உயிரே போகலாம். முதலில் அரசு கிளினிக் அல்லது மருத்துவமனை, பிறகுதான் கூட்டம்.

தூரத்துக்கு மாற்று உண்டு என்று தமிழ்நாடு காட்டியிருக்கிறது. கணவர் டி.டி. ரங்கநாதனைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் அவர் பெயரில் சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். சென்னைக்கு வர முடியாத கிராமத்தாருக்காக அவரது குழு மஞ்சக்குடி என்ற கிராமத்துக்கே போய் முகாம் போட்டது. நோயாளி பக்கத்து ஊருக்கு வந்தால் போதும் என்றானது.

தாமான் பெர்மாத்தாவுக்கும் இது பொருந்தும். ஏ.ஏ. மரபுப்படி, குடிக்காமல் இருப்பதற்காக இரண்டு மூன்று பேர் கூடினாலே அது ஒரு குழு. மாடியின் கீழே ஓர் அறை, வாரத்தில் ஒரு மாலை, கிள்ளானிலிருந்தோ பிரிக்பீல்ட்ஸிலிருந்தோ வந்து தொடங்கி வைக்க, குடியை விட்டு ஆண்டுகளைக் கடந்த ஒருவர். குடியிருப்புச் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலேயே இதைக் கேட்கலாம்.

(தொடரும்)