கடல் கடந்த செட்டி

காரைக்குடியில் 'ஆர்' விகுதி சேர்த்து மரியாதையாக வழங்கும் 'செட்டி' என்ற சொல், அயல்மொழிகளில் வேறு முகம் காட்டுகிறது. போர்த்துகீசிய மொழியில் 'ஷத்திம்' என்றால் நேர்மை குறைந்த வியாபாரி. மலாயிலும் இந்தோனேசிய மொழியிலும் 'செத்தி' என்றால் வட்டிக்கு விடுபவர். நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் லேவாதேவிதான் இரண்டு இடத்திலும் இந்தப் பெயரை வாங்கித் தந்தது என்று சொல்லிவிடத் தோன்றும். காலக்கணக்கு அதற்கு இடம் தரவில்லை. போர்த்துகீசியர் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது 16ஆம் நூற்றாண்டில். 1511இல் மலாக்காவைப் பிடித்ததும், அங்கே செல்வாக்கோடு இருந்த சோழமண்டலக் கரை வணிகர் நீனா சட்டுவுக்கு 'பண்டஹாரா' என்ற தலைமை நிர்வாகப் பதவியே கொடுத்தார்கள். அந்தச் 'சட்டு'வும் 'செட்டி'யின் திரிபாக இருக்கலாம். நாட்டுக்கோட்டையார் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடைகளைப் பெருக்கியது 19ஆம் நூற்றாண்டில். அப்படியானால் வசை எங்கிருந்து வந்தது? வாளேந்த வந்த போர்த்துகீசியச் சிப்பாய்களே சொந்த வியாபாரத்தில் இறங்கியபோது, அதை இழிவாகச் சொல்ல இந்தச் சொல்லையே வினையாக்கினார்கள். வியாபாரத்தைத் தாழ்வாக நினைத்த பிரபுக்களின் ஏளனம் அது. ஏச்சு வாங்கியவர்கள் அவர்களுடைய ஆட்களே.

மலாய்ச் சொல்லின் கதை வேறு. அங்கே கடன் வாங்கியவர்கள் பார்த்த செட்டியார்தான் அகராதியில் ஏறினார். கடனாளியின் கோபத்துக்குக் காரணம் இல்லையா என்று கேட்டால், உண்டு என்றே சொல்ல வேண்டும். பக்கத்துப் பர்மாவில், 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து கடன்கள் முறிந்தபோது, கீழ்ப்பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்தது. நிலம் இழந்தவன் சொல்லை மென்மையாக வைத்திருப்பான் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் அதே மலாக்காவில் மலாய் பேசி, சிவனைக் கும்பிட்டு வாழும் பழைய தமிழ் வழிச் சமூகத்துக்கும் 'செட்டி' என்றே பெயர். அங்கே வட்டியும் இல்லை, வசையும் இல்லை.

சொல்லின் வேர் எது என்பதில் வழக்கு உண்டு. வடமொழி 'சிரேஷ்டி', பாலியில் 'செட்டி' ஆகித் தமிழுக்கு வந்தது என்பது பெரும்பாலோர் முடிவு. சிக்கனத்தைக் குறிக்கும் 'செட்டு' என்ற தமிழ்ச் சொல்லே மூலம் என்பாரும் உண்டு; அந்தச் 'செட்டு'வே செட்டியிலிருந்து பிறந்திருக்கலாம் என்பதால் இந்த வாதம் எனக்கு உறுதியாகப் படவில்லை.

ஒன்று மட்டும் தெளிவு. அயல்மொழி அகராதிகளில் இருப்பது எதிர்த்தரப்பின் வாக்குமூலம். 'கொண்டுவிற்க'ப் போனவர்களின், அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்குப் போனவர்களின் தரப்பு, கிட்டங்கிகள் என்னும் அவர்களுடைய தொழில் விடுதிகளிலிருந்து ஊருக்கு வந்த கடிதங்களிலும் பேரேடுகளிலும் ஐந்தொகைகளிலும் இருக்கிறது. பூட்டிய செட்டிநாட்டு வீடுகளில் கரையானுக்குப் போனது போக மிச்சத்தையாவது பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடாதீர்கள். படியெடுத்து ஒரு நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்.