ஆளில்லாக் கேமரா பந்தைப் பார்க்கிறது, பிள்ளையைப் பார்க்கிறதா?

அமெரிக்காவில் சனிக்கிழமை காலை ஊர்ப் பூங்காக்களில் சிறுவர் கால்பந்து களைகட்டும். அடுத்தடுத்து நாலைந்து மைதானங்கள், மடக்கு நாற்காலிகளில் பெற்றோர், இடைவேளைக்கு நறுக்கி வைத்த ஆரஞ்சுப் பழம். சில ஆண்டுகளாக இந்தக் காட்சியில் புதிதாக ஒரு பொருள் சேர்ந்திருக்கிறது. நடுக்கோட்டுக்கு நேரே, எல்லைக்கோட்டுக்கு வெளியே, நான்கு ஆள் உயரத்துக்கு நீளும் ஒரு முக்காலிக் கம்பம். அதன் உச்சியில் கைக்கு அடக்கமான ஒரு கேமரா. அதன் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை, யாரும் அதைத் திருப்புவதும் இல்லை. ஆனால் பிறகு வீடியோவைப் போட்டுப் பார்த்தால், பந்து போன பக்கமெல்லாம் கேமராவும் போயிருக்கும்.

இந்தக் கருவிகள் வருவதற்கு முன்பு ஆட்டத்தைப் படம் பிடிக்கும் வேலை யாராவது ஓர் அப்பாவின் தலையில் விழும். அவர் எடுத்த வீடியோவில் ஆட்டம் இருக்காது. அவருடைய மகன் இருப்பான். கோல் விழும் நொடியில் அவர் துள்ளிக் குதிப்பார், திரையில் வானம் தெரியும். மற்ற பெற்றோர் நாகரிகம் கருதி நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். இயந்திரத்துக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது என்பதே அதன் முதல் தகுதி.

கம்பத்தின் மேல் இருக்கும் அந்தக் கேமரா உண்மையில் திரும்புவதே இல்லை. கோபன்ஹேகனில் 2015-ல் தொடங்கப்பட்ட வியோ நிறுவனத்தின் கருவி இந்த வகையில் பெயர் பெற்றது. அதில் இரண்டு லென்ஸ்கள். ஒன்று மைதானத்தின் இடப் பாதியையும் மற்றது வலப் பாதியையும் 4கே தரத்தில் ஆட்டம் முடியும்வரை அசையாமல் பதிவு செய்கின்றன. ஆட்டத்துக்குப் பிறகு வீடியோ இணையம் வழியாக நிறுவனத்தின் கணினிகளுக்குப் போகிறது. அங்கே மென்பொருள் இரண்டு படங்களையும் ஒட்டி ஒரே அகலப்படமாக்குகிறது. ஒவ்வொரு நொடியும் பந்து எங்கே என்று தேடி, அதைச் சுற்றி ஒரு செவ்வகத்தை வெட்டி எடுக்கிறது. அந்த வெட்டுச் செவ்வகம் நகர்வதைத்தான் நாம் கேமரா நகர்வதாக எண்ணிக்கொள்கிறோம். இஸ்ரேலின் பிக்ஸலாட் 2013-லேயே இதே வழியில் இறங்கியது; அமெரிக்காவில் பல உயர்நிலைப் பள்ளி மைதானங்களில் அதன் கேமராக்கள் நிரந்தரமாகவே பொருத்தப்பட்டுள்ளன.

விலை குறைந்த வேறொரு வகையும் உண்டு. செல்போனை ஒரு சுழலும் தாங்கியில் மாட்டிவிட்டால், தாங்கியே திரும்பித் திரும்பி ஆட்டத்தைப் பின்தொடரும். இதில் ஒரு பெரிய குறை: ஒருமுறை தவறான பக்கம் திரும்பிவிட்டால், அந்த நேரத்தில் மறுபக்கம் நடந்தது எங்குமே பதிவாகியிருக்காது. இரட்டை லென்ஸ் கருவியில் செவ்வகம் தவறான இடத்தில் நின்றாலும், மூலப்படத்தில் முழு மைதானமும் பத்திரமாக இருக்கும். இரண்டுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு இதுதான்.

பந்தைக் கண்டுபிடிப்பது நமக்கு அற்ப விஷயம். இயந்திரத்துக்கு அப்படியல்ல. சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கேமரா எல்லைக்கோட்டிலிருந்து 5 மீட்டர் தள்ளி, 7 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. எதிர்ப்பக்கத்துக் கார்னர் அங்கிருந்து 90 மீட்டர் தூரம். பந்தின் விட்டம் 22 சென்டிமீட்டர். ஒரு லென்ஸ் 90 டிகிரிப் பரப்பை 3840 பிக்சல்களில் பிடிக்கிறது என்று கொண்டால், அந்த மூலையில் கிடக்கும் பந்தின் அகலம் ஏறத்தாழ 6 பிக்சல். அதே பந்து கேமராவுக்குக் கீழே எல்லைக்கோட்டில் உருண்டால் 60 பிக்சல். ஒரே பொருள் பத்து மடங்கு பெருத்தும் சிறுத்தும் தோன்றுகிறது. வெள்ளைக் காலுறை, கோட்டின் சுண்ணாம்புத் துண்டு, புல்லில் விழுந்த காகிதக் கப் எல்லாமே அந்தத் தொலைவில் 6 பிக்சல்தான்.

வேகமும் சேர்ந்துகொள்கிறது. பதினைந்து வயதுப் பையன் ஓங்கி அடித்த பந்து மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் அது முக்கால் மீட்டர் நகர்ந்துவிடும். மாலை வெளிச்சம் மங்கும்போது ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். அப்போது பந்து உருண்டையாகவே பதியாது, மங்கலான ஒரு கோடாகத்தான் பதியும். விளக்கொளியில் நடக்கும் ஆட்டங்களில் கேமரா தடுமாறுவதற்கு முக்கியமான காரணம் இது.

ஆகவே மென்பொருள் பந்தை மட்டும் நம்பி இருப்பதில்லை. ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் படங்களைக் காட்டிப் பழக்கப்பட்ட நரம்பு வலையமைப்பு, பந்தாக இருக்கக்கூடிய இடங்களைப் பட்டியலிடும். முந்தைய நொடியில் பந்து எங்கே, எந்தத் திசையில் போனது என்பதை வைத்து, எது நம்பத்தக்கது என்று அடுத்த கட்டம் தீர்மானிக்கும். பந்து ஆட்டக்காரர்களின் கால்களுக்கு நடுவே மறைந்துவிட்டால் ஆட்களின் கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து ஊகிக்கும். ஆட்டம் முடிந்த பிறகு வேலை செய்யும் மென்பொருளுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. பத்து நொடி கழித்துப் பந்து எங்கே தோன்றியது என்பது அதற்கு முன்கூட்டியே தெரியும். நடுவில் விட்டதைப் பின்னோக்கிச் சென்று நிரப்பிக்கொள்ளலாம்.

நேரலையில் அந்தச் சலுகை கிடையாது. 2020 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் இரண்டாம் நிலை லீக்கில் இன்வர்னஸ் கலிடோனியன் திஸில் அணியும் ஏர் யுனைடெட் அணியும் மோதின. கொரோனா காலம்; ரசிகர்களுக்கு அனுமதி இல்லை, எல்லாரும் வீட்டிலிருந்தே பார்த்தார்கள். கேமரா ஆட்களுக்குப் பதிலாகப் பிக்ஸலாட் கருவியை வைத்திருந்தார்கள். அது பந்தை விட்டுவிட்டு அடிக்கடி எல்லைக்கோட்டு நடுவரின் வழுக்கைத் தலையைப் பின்தொடர்ந்தது. ஆட்டம் 1-1 என்று முடிந்தது. உலகம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இயந்திரத்தின் பக்கம் நியாயம் இருப்பது தெரியும். வெயில் பட்டு மின்னும் உருண்டை, பந்தின் நிறம், எல்லைக்கோட்டை ஒட்டியே ஓட்டம், ஆட்டத்தோடு ஒத்த வேகம். பந்துக்கு என்னென்ன அடையாளம் சொல்லிக்கொடுத்தார்களோ, அத்தனையும் அந்தத் தலைக்குப் பொருந்தியது.

சிறுவர் ஆட்டத்தில் இப்படிப்பட்ட பொறிகள் இன்னும் அதிகம். பக்கத்து மைதானத்துப் பந்து உருண்டு உள்ளே வரும். மாற்று ஆட்டக்காரப் பையன் சும்மா நிற்க மாட்டான். கோட்டோரமாக இன்னொரு பந்தைத் தட்டிக்கொண்டிருப்பான். கோல் கம்பத்துக்குப் பின்னால் உதிரிப் பந்துகள் கிடக்கும். மைதானத்தின் மூலைகளையும் எல்லைகளையும் மென்பொருளுக்கு முதலிலேயே சரியாகக் குறித்துக் கொடுத்தால் வெளியே கிடப்பவற்றை அது ஒதுக்கிவிடும். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2017 முதல் சிறு வயதினருக்கு ஆட்களையும் ஆடுகளத்தையும் குறைத்து, 4 பேர், 7 பேர், 9 பேர் ஆட்டங்களை வகுத்திருக்கிறது. 11 பேர் ஆட்டம் 13 வயதுப் பிரிவில்தான் தொடங்குகிறது. அதனால் ஒரே புல்வெளியில் பெரிய மைதானத்துக்கான கோடும் சின்ன மைதானத்துக்கான கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். எந்தக் கோடு இன்றைக்குச் செல்லும் என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும்.

கம்பம் ஏன் அவ்வளவு உயரம் என்று கேட்பவர்கள் உண்டு. 40 மீட்டரில் ஒருவரும் 45 மீட்டரில் ஒருவரும் ஒரே நேர்கோட்டில் நிற்கிறார்கள் என்று கொள்வோம். கண் உயரமான 1.7 மீட்டரிலிருந்து பார்த்தால் அவர்கள் நிற்கும் இடங்களுக்கிடையே கால் டிகிரிதான் வித்தியாசம். ஒருவரை ஒருவர் மறைத்துவிடுவார்கள். 7 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் ஒரு டிகிரிக்கு மேல் இடைவெளி தெரியும். ஆட்டத்தின் அமைப்பு, யாருக்கும் யாருக்கும் நடுவே இடம் இருந்தது என்பதெல்லாம் அங்கிருந்துதான் புலப்படும். ஆனால் உயரம் கூடினால் காற்றின் பிடியும் கூடும். முக்காலியின் கால்களில் மணல் மூட்டை வைக்காமலும் கயிறு கட்டாமலும் விடுவது கேமராவுக்கு மட்டுமல்ல, கீழே உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் ஆபத்து.

வீடியோவை அனுப்பி வைப்பது இன்னொரு தலைவலி. நொடிக்கு 30 மெகாபிட் வீதம் 90 நிமிடம் பதிந்தால் 20 ஜிகாபைட் சேர்ந்துவிடும். வீட்டு இணையத்தின் அனுப்பும் வேகம் 10 மெகாபிட் என்றால் அது போய்ச் சேர நாலரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை இரவு பயிற்சியாளர் வீட்டில் வேறு யாரும் படம் பார்க்க முடியாது.

இவ்வளவு தொல்லையையும் செலவையும் பெற்றோர் ஏன் ஏற்றுக்கொள்கிறார்கள்? கருவியை வாங்குவதோடு முடிவதில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் ஆண்டுச் சந்தாவும் வசூலிக்கின்றன. அமெரிக்காவில் இதற்கு விடை கல்லூரி. அங்கே கால்பந்துத் திறமைக்குப் பல்கலைக்கழக உதவித்தொகை கிடைக்கும். கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில் ஆடும் கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் ஒரு மாணவரை அவருடைய பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15-க்கு முன்பு தாங்களாகத் தொடர்புகொள்ளக் கூடாது என்பது விதி. ஆனால் மாணவர் எழுதலாம், வீடியோ அனுப்பலாம். அதனால் 14, 15 வயதுப் பிள்ளைகள் தங்கள் சிறந்த நொடிகளை மூன்று நான்கு நிமிடத் தொகுப்பாக வெட்டி ஊர் ஊராக அனுப்புகிறார்கள். அந்தத் தொகுப்புக்கு மூலப்பொருள் இந்தக் கேமரா.

இங்கேதான் எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து இருக்கிறது. 14 வயதுப் பிரிவின் ஆட்டம் 70 நிமிடம். பந்து ஒரு நொடிகூடச் சும்மா கிடக்கவில்லை, எப்போதும் யாராவது ஒருவர் காலில்தான் இருந்தது என்று வைத்தாலும், 22 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 3 நிமிடம் சொச்சம். மிச்சம் 66 நிமிடம் பந்து இல்லாமல்தான் ஒரு பிள்ளை ஆடுகிறது. எதிரணிக்காரனை எங்கே விட்டது, தன் தோழனுக்கு வழிவிட எந்தப் பக்கம் விலகியது, பந்து பறிபோனதும் திரும்பி ஓடியதா, இடுப்பில் கை வைத்து நின்றதா? ஆட்டக்காரரின் தரம் தெரிவது அந்த 66 நிமிடத்தில். பந்தைத் துரத்தும் செவ்வகம் அதைத்தான் வெட்டி எறிகிறது. இடது பின்காப்பாளராக ஆடும் சிறுமி, வலப்பக்கத்துத் தாக்குதல் நடக்கும் நேரம் முழுவதும் படத்திலேயே இருக்க மாட்டாள். கோல்கீப்பரின் பாடு இன்னும் மோசம்.

வேடிக்கை என்னவென்றால், ஏழு வயதுக் குழந்தைகளின் ஆட்டத்தில் இந்தக் குறையே தெரியாது. அவர்கள் எல்லாரும் பந்தை ஈ மொய்ப்பதுபோல மொய்த்துக்கொண்டிருப்பார்கள். பந்தைப் படம் பிடித்தால் எல்லாரையும் படம் பிடித்ததாகிவிடும். பிள்ளைகள் வளர்ந்து, பரவி நின்று, ஆட்டத்தைப் புரிந்து ஆடத் தொடங்கும்போதுதான் தானியங்கிக் காட்சி கைவிடுகிறது. வீடியோ யாருக்கு அதிகம் பயன்படுமோ, அவர்களுக்குத்தான் அது குறைவாகக் காட்டுகிறது.

விவரம் தெரிந்த பயிற்சியாளர்கள் ஆகவே வெட்டிய படத்தைப் பெற்றோருக்குக் கொடுத்துவிட்டு, தாங்கள் முழு அகலப்படத்தை வைத்துக்கொள்கிறார்கள். அதில் 22 பேரும் சின்னச் சின்னதாகத் தெரிவார்கள். பார்க்கச் சுவாரசியம் இருக்காது. ஆனால் பின்வரிசை எங்கே உடைந்தது என்பதை அதில்தான் காட்ட முடியும். பத்து நிமிடக் காட்சியைத் தேர்ந்தெடுத்து, பிள்ளைகளை உட்காரவைத்து, நீ இங்கே என்ன பார்த்தாய் என்று கேட்பது பயிற்சி. முழு ஆட்டத்தையும் போட்டுக் காட்டித் தவறுகளை எண்ணுவது தண்டனை. பத்து வயதுப் பிள்ளையின் ஆட்டத்துக்கு இரவுச் சாப்பாட்டு மேசையில் அப்பா மறுஒளிபரப்பு நடத்துவதும் தண்டனைதான்.

இன்னொரு கேள்வி சட்டத்தைச் சேர்ந்தது. இந்த வீடியோவில் இருப்பது உங்கள் பிள்ளை மட்டுமல்ல. எதிரணிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 18 வயதுக்குட்பட்டவர்களைப் படம் பிடிப்பதற்குப் பெற்றோரின் சம்மதத்தை வாங்கச் சொல்கிறது. குடும்பத் தகராறு, வன்முறை காரணமாக இருப்பிடம் தெரியாமல் காக்கப்படும் பிள்ளைகளும் மைதானத்தில் இருக்கலாம் என்பது அதற்கு ஒரு காரணம். ஒரு வீடியோ போதும், எந்த ஊரில் எந்தக் கிழமை இருப்பார்கள் என்று தெரிந்துவிடும். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் குழந்தை என்கிறது. அவர்கள் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. அது முழுமையாக வரும்வரை காத்திருக்காமல், சேர்க்கைப் படிவத்திலேயே சம்மதத்துக்கு ஒரு கட்டம் வைப்பது எந்த அகாடமிக்கும் கடினமான வேலை அல்ல. எதிரணிக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

டொராண்டோவிலோ சென்னையிலோ உங்கள் பிள்ளையின் அணி இப்படி ஒரு கருவி வாங்கப் பணம் திரட்டினால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். வெட்டாத முழு அகலப்படத்தை நாமே இறக்கி வைத்துக்கொள்ள முடியுமா? சந்தாவை நிறுத்தினால் பழைய ஆட்டங்கள் நம்மிடம் இருக்குமா? ஒரு பெற்றோர் அழிக்கச் சொன்னால் யார், எத்தனை நாளில் அழிப்பார்கள்? முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் அந்தக் கருவி வேண்டாம். பழைய செல்போனை உயரமான இடத்தில் அசையாமல் வைத்து முழு மைதானத்தையும் பிடிப்பது அதைவிடப் பயன் தரும்.