வீட்டின் முகத்தை அழகாக்கலாம், குறையை மறைக்கலாமா?

“ஆள் பாதி, ஆடை பாதி” என்பார்கள். வீட்டுக்கும் இது பொருந்தும். வாங்க வருபவர் கேற்றடியில் நின்று பார்க்கும் முதற் பார்வையிலேயே அவர் மனதில் ஒரு விலை விழுந்துவிடுகிறது. பிறகு உள்ளே எத்தனை அறைகளைக் காட்டினாலும் அந்த விலையிலிருந்து அவரை மேலே கொண்டுவருவது சிரமம். காத்தான்குடி, ஏறாவூர் போன்ற வாவியோர ஊர்களில் மகளுக்கு வேறு வீடு கட்டவும், கடைக்கு முதல் சேர்க்கவும்தான் பலர் வீட்டை விற்கிறார்கள். ஆகவே முகப்பைச் சீர்செய்துவிட்டு விற்பது புத்திசாலித்தனமே.

கட்டடப் பொருள் வியாபாரத்தில் இருப்பதால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி, “வீட்டை விற்கப் போறன், எந்தப் பெயின்ற் அடிச்சா நல்ல விலை போகும்?” என்பதுதான். பெயின்ற் கடைசி வேலை என்பதே என் பதில்.

முதலாவது, துப்புரவு. வளவில் கிடக்கும் மட்டை, உடைந்த ஓடு, பழைய தகரம் எல்லாவற்றையும் அகற்றுங்கள். கூரையில் பிடித்த பாசியைச் சுரண்டிக் கழுவுங்கள். பீலியில் அடைத்த சருகை எடுங்கள். கிணற்றுக் கட்டையும் வடிகானையும் சுத்தமாக்குங்கள். இதற்குக் கூலியைத் தவிர வேறு செலவில்லை.

இரண்டாவது, பழுது. இழுத்துத் திறக்க வேண்டிய கேற், ஆடும் பிணைச்சல், உடைந்த ஜன்னல் கண்ணாடி, விலகிய ஓடு ஆகியவை சிறிய குறைகள்தாம். ஆனால், “வெளியிலேயே இப்படியென்றால் உள்ளே எப்படியோ?” என்ற சந்தேகத்தை அவை கிளப்பிவிடும்.

மூன்றாவதுதான் பெயின்ற். மதிலும் கேற்றும் வீட்டு முகப்பும் மங்கலான ஒரே நிறத்தில் இருந்தால் போதும். விலை கூடிய மாபிள் ஒட்டுவதும் அலங்காரத் தூண் எழுப்புவதும் பெரும்பாலும் போட்ட காசைத் திருப்பித் தருவதில்லை. வாங்குபவரின் ரசனை வேறாக இருந்தால் அதை உடைக்கும் செலவையும் அவர் விலையில் கழிப்பார்.

இனித்தான் முக்கியமான விடயம். நமது பகுதியில் சுவரின் பெரிய எதிரி உவர். நிலத்து ஈரம் சுவர் வழியே மேலேறும்போது உப்பையும் கொண்டுவருகிறது. ஈரம் காய்ந்து போகிறது, உப்பு பூச்சுக்குள் தங்கிவிடுகிறது. அது பூத்துப் பெருக்கும்போது பூச்சு பொருமி உதிர்கிறது. இதன்மேல் பெயின்ற் அடித்தால் சில வாரங்களுக்குச் சுவர் பளபளக்கும். மாரி வந்ததும் பழையபடி கொப்பளிக்கும்.

சரியான முறை இதுதான். ஈரம் ஏறிய உயரத்துக்கு மேலும் ஓர் அடிவரை பழைய பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். உப்பைத் தண்ணீரால் கழுவாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தட்ட வேண்டும். கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள் போய்விடும். சுவர் நன்றாகக் காய்ந்தபின் உப்பில்லாத ஆற்று மணலில் பூசி, புதிய பூச்சை நான்கு வாரமாவது விட்டுத்தான் பெயின்ற் அடிக்க வேண்டும். கச்சான் வீசும் காலமே இந்த வேலைக்குத் தோதானது. கீழிருந்து ஈரம் ஏறுவதைத் தடுக்காதவரை இதுவும் நிரந்தரத் தீர்வல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். கொங்கிறீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து வெடித்திருந்தாலும் இதே கதைதான். மேலே சீமெந்து அப்பி நிறம் பூசுவது வைத்தியமல்ல.

அப்படியென்றால் குறையை மூடி விற்கலாமா? கூடாது. ஆட்டின், ஒட்டகத்தின் மடியில் பாலைக் கறக்காமல் தேக்கிவைத்து விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கியவர் கறந்து பார்த்தபின் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், இல்லையேல் ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கலாம் என்ற கருத்தில் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் ஹதீஸ் உண்டு. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் “மின்ஹாஜ்” நூலில் இதனோடு இன்னோர் உதாரணத்தையும் சேர்க்கிறார்கள். ஆலையின் தண்ணீரைத் தேக்கிவைத்து, விற்கும் நேரத்தில் திறந்துவிட்டு, ஓட்டம் பலமாக இருப்பதாகக் காட்டினால் அங்கும் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. உவர்ச் சுவருக்கு விற்பனைக்கு முதல் வாரம் அடிக்கும் பெயின்ற் இதிலிருந்து எவ்வளவு தூரம் என்று நீங்களே யோசியுங்கள். உள்ளதை உள்ளபடி துலக்கிக் காட்டுவது அழகுபடுத்தல். இல்லாததை இருப்பதாகக் காட்டுவது மோசடி.

“குறையைச் சொன்னால் விலை குறையுமே?” என்று கேட்பீர்கள். குறையும், ஆனால் அளவோடு. மேசனைக் கூட்டிவந்து திருத்தச் செலவை மதிப்பிட்டு, அந்தத் தொகையைச் சொல்லுங்கள். தெரிந்த குறைக்கு வாங்குபவர் அதன் செலவைக் கழிப்பார். சந்தேகப்படும் குறைக்கோ அதைவிடக் கூடுதலாகக் கழிப்பார். 2011 ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தின் தாழ்ந்த இடங்கள் மூழ்கியதை எல்லோரும் அறிவார்கள். உங்கள் வளவுக்கு எவ்வளவு தண்ணீர் வந்தது என்பதைப் பக்கத்து வீட்டாரே சொல்லிவிடுவார். அதை நீங்களே முந்திச் சொல்வதில்தான் மரியாதை இருக்கிறது.

பேசியதை எழுத்தில் வையுங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி, வீட்டு விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுத்தில் நடைபெற வேண்டும். முற்பணம் வாங்கும்போதே சொன்ன குறைகளையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் பின்னால் பிணக்குக்கு இடமிருக்காது.

நம்மிடம் வீடு வாங்குபவர் யாரோ எவரோ அல்ல. நம் உறவினர், நம் மஹல்லாவாசி, நாளை நம் கடைக்கு வரும் வாடிக்கையாளர். முதல் மாரியில் அவர் சுவர் கொப்பளித்தால் பேச்சு வீட்டோடு நிற்காது, நம் கடைப் பெயருக்கும் வரும். பெயின்ற் செலவை ஒரு விற்பனையில் மீட்டுவிடலாம், போன பெயரை அப்படி மீட்க முடியாது. முகப்பை மினுக்குங்கள், குறையைச் சொல்லுங்கள். வரும் காசில் பரகத் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.