வானவில் மீனும் அதன் நிற மாற்றமும்

சாயம் போன நூலுக்குப் பழைய நிறம் தானாகத் திரும்புவதில்லை. உயிருள்ள மீனின் நிறமோ ஒரு நாளிலேயே மங்குவதும் உண்டு. மீண்டும் ஒளிர்வதும் உண்டு. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை முதலிய ஊர்களில் வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி அமைத்து மீன் வளர்ப்போர் இம்மாற்றத்தின் பொருளை அறிந்துகொண்டால், மீனின் நலத்தை அதன் உடலிலேயே படித்துவிடலாம். வானவில் மீனைச் சான்றாகக் கொண்டு அதனை விளக்குவோம்.

வானவில் மீன்கள் ஆஸ்திரேலியாவிலும் நியூகினித் தீவிலும் உள்ள நன்னீர்களுக்கு உரியவை. அவற்றுள் போஸ்மேன் வானவில் மீன் பேரழகு வாய்ந்தது. வளர்ந்த ஆண் மீனின் முன்பாதி நீலமாகவும் பின்பாதி செம்மஞ்சளாகவும் விளங்கும். சென்னையின் வடபகுதியிலுள்ள கொளத்தூர் வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர் பெற்றது. அத்தகைய கடைகளில் இம்மீனின் குஞ்சுகளைக் காண்போர் ஏமாற்றமடைவர். அவை சாம்பல் நிறமாகவே இருக்கும். முழு நிறமும் வர ஏறத்தாழ ஓராண்டு செல்லும். ஆகவே பொறுமை வேண்டும்.

மீனுக்கு நிறம் இரு வழிகளில் அமைகிறது. தோலிலுள்ள சில செல்களில் கருமை, மஞ்சள், சிவப்பு ஆகிய நிறத்துகள்கள் உள்ளன. அவை பரவினால் நிறம் அடர்கிறது; ஓரிடத்தில் குவிந்தால் வெளிறுகிறது. வேறு சில செல்களில் குவானின் என்னும் பொருளாலான நுண்ணிய தகடுகள் அடுக்கப்பட்டுள்ளன. அவை சாயமல்ல, ஒளியைத் திருப்பி அனுப்பியே நீலமும் பச்சையும் காட்டுகின்றன. பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறொரு நிறமும் கொடுத்து நெய்த மயில்கழுத்துச் சேலை, மடிப்புக்கு மடிப்பு வேறாகத் தோன்றுவதை நம் நெசவாளர் அறிவர். பார்க்கும் கோணத்திற்கேற்ப நிறம் மாறுவதில் இம்மீனும் அதனை ஒத்தது.

நிற மாற்றத்தில் விரைவானது ஒன்று, மெதுவானது ஒன்று. நரம்பின் ஏவலால் நிகழ்வது விரைவானது. காலை ஒளி தொட்டியில் படும்போது ஆண் மீன்கள் துடுப்புகளை விரித்து, ஒன்றையொன்று சுற்றிவந்து நிறம் காட்டும். அப்போது நெற்றியில் ஒளிமிக்க கோடு ஒன்று தோன்றி மறையும். இடம் மாறிய அன்றும் அச்சமுற்ற போதும் அவை வெளிறும். இதற்காகக் கலங்க வேண்டியதில்லை. ஆனால் வெளிறல் நாள்கணக்கில் நீடித்தால் முதலில் நீரைச் சோதிக்க வேண்டும்.

மெதுவான மாற்றம் வயதையும் உணவையும் பொறுத்தது. மஞ்சள், சிவப்பு நிறங்களுக்குரிய கரோட்டின் இனப் பொருள்களை மீன் தானே ஆக்கிக்கொள்ள இயலாது, உணவிலிருந்தே பெறவேண்டும். பாசியிலும் சிறு நீர்ப்பூச்சிகளிலும் அவை உள்ளன. நம் உழவர் பயிரிடும் செண்டுமல்லியின் இதழிலும் அத்தகைய மஞ்சட்பொருள் உண்டு. முட்டைக்கருவின் நிறத்துக்காகக் கோழித்தீவனத்தில் சேர்க்கப்படுவதும் அதுவே.

இம்மீன்கள் கூட்டமாக வாழ்பவை. ஆறேனும் சேர்ந்திருத்தல் நன்று. 3 அடி நீளமும், அகலமும் உயரமும் ஒன்றேகால் அடியும் உள்ள தொட்டி சுமார் 130 லிட்டர் கொள்ளும். தொடங்குவதற்கு அது போதும். துள்ளிக் குதிப்பவையாதலால் மூடி இன்றியமையாதது. காய்ச்சிய பாத்திரத்தில் வெண்படிவு விடும் நம் பகுதிக் கிணற்றுநீரின் கடினத்தன்மையை இவை பெரும்பாலும் தாங்கும், உவர்நீர் ஆகாது. குளோரின் கலந்த குழாய்நீரை அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்தபின் ஊற்றுக. வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றுக. சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். கோடையில் தொட்டியை நிழலில் வைத்துக் காற்றுக்குழாயை இடைவிடாது இயக்குதல் வேண்டும்.

இறுதியாக ஒன்று வற்புறுத்துவோம். நிறம் வரவில்லையென்று சலித்து மீன்களை ஏரியில் விடுவது பெருந்தீங்கு. தொட்டியைத் துப்புரவாக்க வாங்கப்பட்ட தென்னமெரிக்க உறிஞ்சுவாய் மீன், இன்று தமிழகத்து நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, நாட்டு மீன்களுக்கு இடையூறாகி, மீனவர் வலையையும் கிழிக்கிறது. சேலையூர், மாடம்பாக்கம் ஏரிகளும், 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பும் நம் அருகிலேயே உள்ளன. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ வளர்க்க விரும்பும் அண்டைவீட்டாரிடமோ ஒப்படையுங்கள். வைத்திருப்போர் ஒரு குறிப்பேட்டில் நாளும் நிறமும் இட்ட உணவும் நீர் மாற்றிய விவரமும் எழுதி வாருங்கள். சில திங்களில் மீனின் நிறமே உங்கள் பராமரிப்பின் வரவுசெலவுக் கணக்காகிவிடும்.